மூன்று மாதத்துக்கு உட்பட்டது

இந்த மலை ஊரில் ஆகஸ்டில் மாவு பொங்குவதில்லை.
லெ தாம்போனுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துபோனது.
ராத்திரி கரைத்து வைத்தது
காலையிலும் கரைத்தபடியே கிடந்தது,
திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி.

இன்டர்நெட் பெட்டி சூடாகத்தானே இருக்கும் என்றார் அமலோர்.
சொல்லிவிட்டு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார்.
பெட்டியின் மேல் குண்டான்,
குண்டானின் மேல் தட்டு,
தட்டின் மேல் அவருடைய பழைய ஸ்வெட்டர்.
பக்கத்தில், வேறு இடம் இல்லாததால், பச்சைக் கோப்பு.

அந்தக் கோப்பில்தான் நான் இருக்கிறேன்.

இந்த வீட்டில் வசிப்பதற்கு என்ன ஆதாரம் என்று
பிரிஃபெக்ச்சர் கவுண்டரில் கேட்டார்கள்.
குளியலறைக் குழாய் எந்தப் பக்கம் திருகினால் ஒழுகும்,
மூன்றாவது படியில் எந்த ஓடு ஆடும் என்றெல்லாம்
சொல்ல எனக்கு பிரெஞ்சு போதவில்லை.
போதியிருந்தாலும் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
வாடகை அவர் பெயரில். தண்ணீர் அவர் பெயரில்.
கரண்டை மட்டும் என் பெயருக்கு மாற்றினோம்.
ஆறு வாரம். நான்கு போன்.
ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் வயலின்.

பில் வந்தது. அதில் பவளக்கொடி இல்லை.
குடும்பப் பெயர் என்ற இடத்தில்
அப்பாவின் பெயரைப் போட்டிருந்தேன், வேறு எதைப் போட?
நீளம் கூடுதல் என்று யந்திரம் வாலை நறுக்கி
'மேடம் தட்சணாமூர்' என்று அச்சடித்திருந்தது.
காரைக்கால் மின்துறையில் முப்பத்தோரு வருடம்
ஊரார் வீட்டு மீட்டரைக் குறித்தவர்,
விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்,
மீசையோடு மேடமாகி
இந்தத் தீவில் கரண்ட் பில் கட்டுகிறார்.

சனிக்கிழமை சேன் பியேர் சந்தை.
அகராதியில் பார்த்து மனப்பாடம் செய்த சொல்லை
மூன்று கடையில் சொன்னேன்.
ஒருத்தி மசாலா டப்பாவை நீட்டினாள்.
ஒருவர் பிரிஞ்சி இலையை.
சலித்து, எனக்கு நானே முனகிக்கொண்டேன்,
ஒரு கொத்து கருவேப்பிலைக்கு இவ்வளவு பாடா என்று.
வெங்காயத்தாள் விற்பவள் சட்டென்று நிமிர்ந்தாள்.
"ஆ, கலூபிலே!"
மேசைக்கு அடியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய கட்டு.
அவளுக்குத் தமிழ் வராது. எனக்கு க்ரியோல் வராது.
ஒன்றரை யூரோ.
பேரம் பேசாமல் கொடுத்தேன், வாழ்க்கையில் முதல் தடவை.
கொத்தை முகர்ந்துகொண்டே பஸ்ஸில் இடம் பிடிக்கத் தவறினேன்.

ஞாயிறு விடியலில் மாவு பொங்கியிருந்தது.
பொங்கி, தட்டைத் தள்ளி, ஸ்வெட்டரை நனைத்து,
பெட்டியின் விளக்குகளை ஒவ்வொன்றாக மூடி,
கோப்புக்குள் இறங்கி
கரண்ட் பில் வரை வந்து நின்றிருந்தது.
இணையம் இல்லை.
இட்லி இருந்தது, இருபத்திரண்டு.
தின்றுவிட்டு பில்லை ஈரத் துணியால் துடைத்து
இஸ்திரி போட்டேன்.

திங்கட்கிழமை கவுண்டரில் புது ஆள்.
பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி
முத்துக்கருப்பன் என்று வாசித்தேன்.
"மூத்துகார்ப்பேன்" என்று அந்த அம்மாள் திருத்தினார்.
பில்லில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டி
என்ன இது என்றார்.
அரிசி என்றேன்.
உளுந்துக்கு பிரெஞ்சு தெரியவில்லை.
அவர் பார்த்தது தேதியை மட்டும்.
மூன்று மாதத்துக்கு உட்பட்டது, செல்லும்.
நகல் எடுத்தபோது கறை கறுப்பாக விழுந்தது.
அதுவும் செல்லும்.

நவம்பரில் வந்தால் இதே தாள் செல்லாது.
அதற்குள் நான் மறுபடியும்
இந்த வீட்டுக்குக் குடிவந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் இணையம் திரும்பியதும்
பில்லைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்,
மேடம் என்றிருப்பதைப் பார்த்துச் சிரிப்பார் என்று.
நீலக் குறி விழுந்து வெகுநேரம் கழித்து பதில்.
பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"யூனிட் ஜாஸ்தியா இருக்கே.
அவன் போட்ட ரீடிங்கும் மீட்டரும்
ஒத்துப்போகுதான்னு பாத்தியா?"

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு
டார்ச்சோடு வெளியே போனேன்.